எக்ஸாஸ்ட் ஃபேன் தகராறு: மும்பை வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டுங்கா, செம்பூர், தாராவி, முலுண்ட், டோம்பிவிலி என்று எந்தப் பக்கம் போனாலும் நம் ஆட்களின் சமையலறை ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். வாங்கும்போது பார்ப்பதோடு சரி, மிளகாய் வறுக்கும்போது வீடே இருமினால்தான் திரும்ப அதன் பக்கம் தலையைத் தூக்குகிறோம். உடனே "மோட்டார் போச்சு, புதுசு வாங்கணும்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் மோட்டார் போயிருக்காது. கீழே உள்ளவை திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்.

ஸ்விட்ச் போட்டால் 'ம்ம்ம்' என்று சத்தம் மட்டும் வருகிறது, இறக்கை சுற்றவில்லை. மோட்டார் எரிந்துவிட்டதா?

முதலில் ஸ்விட்சை அணையுங்கள். சுற்றாமல் முனகிக்கொண்டு நிற்கும் மோட்டாருக்குள் கரண்ட் அதிகமாகப் பாயும், அப்படியே விட்டால் இதுவரை எரியாத காயில் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி) இனிமேல் எரியும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக, பிடித்துப் பிடித்துச் சுற்றினால் கோளாறு பிசுக்கிலோ, புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) காய்ந்து போனதிலோ இருக்கிறது. லேசாகத் தள்ளினாலே நாலு சுற்று ஓடி நிற்கிறது என்றால் மோட்டாரின் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, கண்டென்சர் (கெபாசிட்டர் என்பதும் அதுதான்) போயிருக்க வேண்டும். உறுதி செய்ய ஒரு வழி உண்டு. பிளக்கைத் திரும்பச் சொருகி, ஸ்விட்ச் அணைந்த நிலையில் இறக்கையைச் சுழற்றிவிடுங்கள். கையை முழுதாக எடுத்த பிறகு, அது சுற்றிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் இன்னொருவர் ஸ்விட்சைப் போடட்டும். பிடித்துக்கொண்டு ஓடினால் ஏறக்குறைய உறுதி, கண்டென்சர்தான். சுற்றத் தொடங்குவதற்கான அந்த முதல் தள்ளலைத் தருவது அதன் வேலை.

இன்னொன்று, விலை குறைந்த சின்ன ஃபேன்கள் சிலவற்றில் கண்டென்சரே இருக்காது. அவற்றில் இந்த முனகல் வந்தால் பிசுக்கையும் புஷ்ஷையும் மட்டும் பார்த்தால் போதும்.

கண்டென்சரை நானே மாற்றலாமா?

ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், வயரைப் பார்த்துப் பயமில்லை என்றால் மாற்றலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும். ஃபேன் நேரடியாக வயரிங்கில் இருந்தால் மெயின் போர்டில் உள்ள எம்.சி.பி. ஸ்விட்சையே அணைத்துவிடுங்கள், சுவர் ஸ்விட்சை மட்டும் நம்பாதீர்கள். பழைய பில்டிங்குகளில் ஸ்விட்சை நியூட்ரல் பக்கம் போட்டு வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம், அங்கே ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் ஃபேனில் கரண்ட் நிற்கும்.

பழைய கண்டென்சர் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும்: 2.5 மைக்ரோஃபேரட், 4 மைக்ரோஃபேரட் என்பது போல, பக்கத்தில் 440 வோல்ட் என்று ஒரு எண். அதே அளவில்தான் வாங்க வேண்டும். "பெரிசா போட்டா வேகமா சுத்தும்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள், சூடுதான் ஏறும். அதில் எந்த வயரை எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒன்றுதான், கூட்டல் கழித்தல் கிடையாது. ஆனால் கரண்ட் வரும் வயரை எந்த முனையோடு சேர்த்திருந்தார்களோ அங்கேயே சேர்க்க வேண்டும், அது மாறினால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றும். கழற்றுவதற்கு முன் மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

வீட்டுக்குப் பக்கத்து எலக்ட்ரிகல் கடையிலேயே கிடைக்கும், நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் சமாச்சாரம். இல்லையென்றால் கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கத்து லோஹார் சால் போனால் கடை கடையாக இதுதான் வேலை. பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சத்தமும் இல்லை, அசைவும் இல்லை. செத்தே போய்விட்டதா?

அதே பிளக் பாயின்டில் மொபைல் சார்ஜரைச் சொருகிப் பாருங்கள். அது வேலை செய்யாவிட்டால் கோளாறு ஃபேனில் இல்லை. வேலை செய்தால் அடுத்து வயரைப் பார்க்க வேண்டும், ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் தள்ளி வயர் நசுங்கி உள்ளே அறுந்திருப்பது சகஜம். அதுவும் சரி என்றால், காயிலுக்குள் ஒரு தெர்மல் ஃப்யூஸ் வைத்திருப்பார்கள், மோட்டார் அளவுக்கு மீறிச் சூடானால் அது ஒரு தடவை அறுந்துகொள்ளும், அதோடு ஃபேன் ஊமை. எலக்ட்ரீஷியன் அதே வெப்ப அளவுள்ள புது ஃப்யூஸ் போட்டுத் தரலாம். "ஃப்யூஸ் எதுக்கு, நேரா வயரை முறுக்கி விட்டுடறேன்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்த ஃபேன் சூடானால் பிடிப்பது நெருப்பு.

சில மாடல்களில் இந்தப் பாதுகாப்பு தானே திரும்பச் சேர்ந்துகொள்ளும். கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், ஆறிய பிறகு மறுபடி ஓடும். தானாகச் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், ஏன் சூடாகிறது என்று பாருங்கள்.

ஃபேன் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் புகையும் தாளிப்பு நெடியும் போகவே மாட்டேன் என்கிறது. ஏன்?

இதுதான் எல்லாரும் கேட்பது. ஃபேனை மாற்றி மாற்றிப் பார்த்தும் தீராமல் இருப்பதும் இதுதான், ஏனென்றால் பல வீடுகளில் கோளாறு ஃபேனிலேயே இல்லை.

தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, ஓடும் ஃபேனின் உள்பக்கக் கம்பிக்கு அருகே பிடியுங்கள். தாள் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். படபடவென்று உங்கள் பக்கம் அடித்தால் ஃபேன் முன்பின் மாற்றி மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. ஒட்டாமல் தொங்கினால் காற்று போக வழியில்லை, அல்லது வர வழியில்லை.

போக வழி: ஃபேனுக்கு வெளிப்பக்கம் கொசுவலை அடித்திருக்கிறீர்களா? புதிதாக அடித்தபோது நன்றாக இருந்திருக்கும். இப்போது போய்ப் பாருங்கள், எண்ணெயும் தூசியும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்திருக்கும். அதை எடுத்தாலே பாதி வீடுகளில் பிரச்சினை முடிந்தது. பின்பக்கம் காற்று வந்தால் திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் பிளாஸ்டிக் தகடுகள் இருந்தால் அவையும் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு திறக்காமல் நிற்கும். விரலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள், தானாக விழ வேண்டும்.

வர வழி: ஃபேன் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ அவ்வளவு காற்று வேறெங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஹாலில் ஏ.சி. போட்டிருக்கிறது என்று சமையலறைக் கதவைச் சாத்தி, கீழே இடுக்கில் துணியும் வைத்துவிட்டால் ஃபேன் எதை இழுக்கும்? சும்மா சுற்றும். கதவை ஒரு சாண் திறந்து வைத்து அதே தாளைத் திரும்பப் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்று உண்டு, மும்பை ஸ்லைடிங் ஜன்னலுக்கே உரியது. ஃபேன் ஒரு பாதியில், பக்கத்திலேயே மறுபாதி திறந்து கிடக்கும். "காத்து வரட்டுமே" என்று திறந்தது. என்ன நடக்கும் என்றால், ஃபேன் அந்தத் திறந்த பாதி வழியே வரும் வெளிக்காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அடுப்புக்கு மேலே நிற்கும் புகையை அது தொடக்கூட இல்லை. ஃபேன் ஓடும்போது பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், காற்று அடுப்பைத் தாண்டி வரும்படி எதிர்ப்பக்கக் கதவையோ ஹால் ஜன்னலையோ திறங்கள். அப்புறம் சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுத்துப் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் போகவில்லை என்றால்தான் ஃபேன் சின்னது.

எங்கள் ஃபேன் சில நாள் வெளியே தள்ளுகிறது, சில நாள் உள்ளே தள்ளுகிறது. இப்படியும் உண்டா?

உண்டு, மழைக்காலத்தில்தான் அதிகம் கேட்பேன். கண்டென்சர் செத்துப்போன மோட்டாருக்குத் தானாகத் திசை தெரியாது, எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும் அந்தப் பக்கமே ஓடும். கடல்காற்று பலமாக ஜன்னலில் அடிக்கும்போது இறக்கை தானாகவே எதிர்ப்பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் ஸ்விட்சைப் போட்டால் அது அப்படியே எதிர்ப்பக்கம் வேகமெடுத்து, பக்கத்து வீட்டு மீன் வாசனையை உங்கள் பூஜை அலமாரி வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும். கண்டென்சரை மாற்றினால் தீரும். ஸ்விட்ச் போடாமலே காற்றில் இறக்கை மெல்லச் சுற்றுவது மட்டும் கோளாறு அல்ல, பேரிங் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிசுக்கை எப்படிக் கழுவுவது? இறக்கையைக் கழற்றவே முடியவில்லையே?

கழற்ற முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் தப்பான பக்கம் திருப்புவதுதான். பிளாஸ்டிக் இறக்கை உள்ள பல மாடல்களில் நடுவில் இருக்கும் மூடி போன்ற நட்டுக்கு இடதுகை மரை. கடிகார முள் சுற்றும் பக்கம் திருப்பினால் கழலும், எதிர்ப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். நட்டின் மேலேயே அம்புக்குறி இருக்கும், பிசுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒரு கையால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும்.

பிளாஸ்டிக் இறக்கையும் முன் கம்பியும் சூடான தண்ணீரில், கொதிக்கும் தண்ணீரில் அல்ல, சலவை சோடாவும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் போட்டு அரைமணி நேரம் ஊறட்டும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் மஞ்சள் மெழுகு உரிவது போல வந்துவிடும். அலுமினிய இறக்கை என்றால் சோடா வேண்டாம், கறுத்துப் போகும், லிக்விட் மட்டும் போதும். தின்னரும் பெட்ரோலும் எதற்குமே வேண்டாம். மோட்டார் பக்கம் தண்ணீர் படவே கூடாது, ஸ்ப்ரே அடிப்பதும் கூடாது. பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, அப்புறம் காய்ந்த துணி. எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

தினமும் தாளிப்பும் வாரத்தில் இரண்டு நாள் அப்பளமும் வடையும் பொரிக்கிற வீட்டில் மாதம் ஒரு தடவை துடைத்தால் போதும். தீபாவளிக்குத் தீபாவளி என்றால் மேலே சொன்ன அரைமணி நேரம் அரைநாளாகும்.

கடகட, கிரீச் சத்தத்துக்கு என்ன செய்வது?

கடகட என்றால் ஏதோ தளர்ந்திருக்கிறது: ஜன்னல் பலகையில் ஸ்க்ரூ, இறக்கையின் நட்டு, அல்லது முன் கம்பி. ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் வாஷர் வையுங்கள். ஒரு இறக்கையில் மட்டும் பிசுக்கு மிச்சமிருந்தாலும், ஓரம் உடைந்திருந்தாலும் எடை மாறி ஆட்டம் கொடுக்கும். உடைந்த இறக்கையை ஒட்டிப் பயன்படுத்த வேண்டாம். கடலோரத்தில், வொர்லி பாந்த்ரா பக்கம், ஸ்க்ரூ துருப்பிடித்துத் தலை உதிர்ந்துபோகும், அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள்.

கிரீச் என்றால் புஷ் காய்ந்துவிட்டது. தையல் மிஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு, தண்டு உள்ளே போகும் இடத்தில் விட்டு, கையால் சுற்றிவிடுங்கள். அதிகம் விட்டால் காயிலுக்குள் இறங்கி தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பேரிங் வைத்த ஃபேனில் கரகரவென்று மணல் அரைக்கும் சத்தம் வரும், அதற்கு எண்ணெய் பலிக்காது, பேரிங்கையே மாற்ற வேண்டும். அதன் எண் பக்கவாட்டில் பொறித்திருக்கும்.

தேங்காய் எண்ணெய் விடலாமா? வீட்டில் அதுதான் இருக்கிறது.

வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறையும், மும்பையின் ஜனவரி இரவுகளுக்கே அது போதும். நாள்பட்டால் பிசினாகி தண்டைக் கவ்வும். நல்லெண்ணெயும் இப்படிப் பிசினாகும். துருவுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் இதற்கு உதவாது, உள்ளே இருக்கும் பழைய எண்ணெயையும் கரைத்துக்கொண்டு ஆவியாகிவிடும்.

மழை தொடங்கினால் எம்.சி.பி. போர்டு 'டப்' என்று விழுகிறது. சட்டத்தைத் தொட்டால் சுர்ரென்கிறது.

சுர்ரென்றால் அந்த நிமிடத்திலிருந்து ஓட்டக் கூடாது. கால் ஈரமாக நின்று தொட்டால் உயிருக்கே ஆபத்து. ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் பக்கவாட்டில் அடிக்கும் ஊர் இது. வெளிப்பக்கம் ஒரு மறைப்பு இல்லாவிட்டால் தண்ணீர் நேராக மோட்டாரின் வயர் பெட்டிக்குள் போகும், கரண்ட் கசியும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துகொள்ளும் ஸ்விட்ச்) இருந்தால் அது விழுந்து உங்களைக் காப்பாற்றும். விழுகிறது என்று எரிச்சலில் அதையே எடுத்துவிட்டவர்களும் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: வெளியே கீழ்நோக்கித் திறந்த மழை மறைப்பு ஒன்று, இரும்பு உடம்புள்ள ஃபேனுக்குக் கட்டாயம் எர்த் வயரும் மூன்று பின் பிளக்கும். வயர் ஃபேனுக்குள் நுழையும் இடத்துக்குக் கீழே கொஞ்சம் தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நனைந்த மோட்டாரைக் கழற்றிக் காயவைத்து, எலக்ட்ரீஷியனைக் கொண்டு கசிவு பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். வெளிப்பக்க வேலையை ஜன்னல் விளிம்பில் ஏறி நீங்கள் செய்யாதீர்கள், எத்தனையாவது மாடி என்று யோசியுங்கள்.

ஊருக்குப் போய்வந்தால் ஃபேனுக்குள் புறாக்கூடு.

மே மாதம் திருநெல்வேலி போய்த் திரும்பும் வீட்டுக்கு இது நிச்சயம். ஓட்டிப் பார்க்காதீர்கள், குச்சி சிக்கி காயில் போகும், முட்டையோ குஞ்சோ இருந்தால் சொல்லவே வேண்டாம். எச்சத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டவும் கூடாது, அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். முகக்கவசம் போட்டு, பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி எடுங்கள். கிளம்பும் முன் வெளியே கம்பி வலை அடிக்கலாம், கண் பெரிதாக இருக்கட்டும், கொசுவலை வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான்.

கேஸ் வாசனை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு வெளியேற்றலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்றால் இதைச் சொல்லுங்கள். ஸ்விட்ச் போடும்போது உள்ளே ஒரு சின்னப் பொறி பறக்கும், அது போதும். ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கவும் வேண்டாம், அணைக்கும்போதும் பொறிதான். எந்த ஸ்விட்சையும் தொடாமல் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே போய் அங்கிருந்து போன் செய்யுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும், மேலே இருக்கும் ஃபேன் அதை எடுக்கவும் செய்யாது. குழாயில் வரும் பி.என்.ஜி. லேசானது, நேராக மேலே போய் ஃபேன் இருக்கும் உயரத்திலேயே சேரும்.

குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருப்பதால் பயமில்லைதானே?

இருக்கிறது. சின்ன குளியலறை, கதவைத் தாழிட்டு, ஃபேனையும் போட்டால், காற்று உள்ளே வர வழியில்லாமல் ஃபேன் கீசரின் புகையையே திரும்ப அறைக்குள் இழுக்கலாம். ஆக்சிஜன் குறைந்தால் கேஸ் முழுதாக எரியாது, கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை. லேசாகத் தலை சுற்றுவதற்குள் கை கால் ஓடாது. கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றுவதுதான் வழி. மின்சார கீசர் என்றால் இந்தக் கவலை இல்லை, ஃபேனை ஈரம் போக ஓட்டினால் போதும், கதவுக்கு அடியில் கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும்.

ரெகுலேட்டர் போடலாமா?

மாடல் அனுமதித்தால் போடலாம், பல வீட்டு மாடல்கள் ஒரே வேகத்துக்கு என்று செய்தவை. பி.எல்.டி.சி. ஃபேனுக்கு (எலக்ட்ரானிக் போர்டு வைத்து ஓடும் வகை) அறவே வேண்டாம், உள்ளே இருக்கும் போர்டு போய்விடும்.

சிம்னியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் இரண்டையும் ஓட்டலாமா?

ஒரே நேரத்தில் வேண்டாம். வெளியே குழாய் போகும் சிம்னி மேலே இழுக்க, ஃபேன் பக்கவாட்டில் இழுக்க, புகை நடுவில் நின்று யார் பக்கம் போவது என்று யோசிக்கும். குழாயில்லாத, கரி ஃபில்டர் வைத்த சிம்னி என்றால் கதை வேறு, அது காற்றை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும், சூட்டுக்கும் ஈரத்துக்கும் ஃபேன்தான் கதி.

புதிதாக வாங்கினால் என்ன அளவு?

சமையலறை 10 அடிக்கு 8 அடி, உயரம் 9 அடி என்றால் 720 கன அடி, ஏறக்குறைய 20 கன மீட்டர். மணிக்குப் பதினைந்து தடவையாவது காற்று மாற வேண்டும் என்று வைத்தால் 300 கன மீட்டர். பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருக்கும். வலை, தகடு, வெளியே போகும் குழாய் எல்லாம் சேர்ந்து அதில் கணிசமாகத் தின்றுவிடும், அதனால் கணக்கு 300 என்றால் 500 பக்கம் இருப்பதை எடுங்கள். 150 மில்லிமீட்டர் குளியலறைக்கு, சமையலறைக்கு 200 அல்லது 250. ஓட்டையை முதலில் அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கருவாடு வறுத்தால் பக்கத்து ஃபிளாட்காரர் சொசைட்டியில் புகார் கொடுக்கிறார். ஃபேன் திசையை மாற்றலாமா?

பொது நடைபாதைப் பக்கமோ, டக்டுக்குள்ளேயோ தள்ளும்படி வைத்திருந்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டக்ட் என்பது எல்லாருடைய குளியலறை ஜன்னலும் திறக்கும் இடம், நீங்கள் தள்ளுவது மூன்றாம் மாடி மாமி தலையில்தான் போய் விழும். வெளிச்சுவர்ப் பக்கம் மாற்ற முடியுமா பாருங்கள். சுவரில் புது ஓட்டை என்றால் சொசைட்டியில் எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஏற்கெனவே வெளிச்சுவரில்தான் இருக்கிறது என்றால் கவலைப்படாமல் வறுங்கள்.

காயில் எரிந்தே விட்டது. ரீவைண்டிங் (கம்பியைப் புதிதாகச் சுற்றுவது) செய்யலாமா?

300 மில்லிமீட்டர், இரும்பு உடம்பு, பேரிங் வைத்தது என்றால் செய்யலாம். சின்ன பிளாஸ்டிக் ஃபேனுக்கு ரீவைண்டிங் கூலியோடு இன்னும் கொஞ்சம் போட்டால் வாரண்டியோடு புதிதே வரும். பழையதை பங்கார்வாலாவிடம் (பழைய சாமான் வாங்குபவர்) போடும்போது காயில் செம்பா அலுமினியமா என்று ஒரு இடத்தில் சுரண்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். மலிவு மாடல்களில் செம்பு நிறத்தில் தெரிந்தாலும் உள்ளே அலுமினியமாக இருக்கும், அதற்கு அவர் கொடுப்பது குறைவுதான்.